எலிகளுக்கு வைத்த ஏசி

எங்கள் கட்டடத்தில் ஏசி வைத்த அறைகள் இரண்டு. ஒன்று கல்லூரி முதல்வருடையது, இன்னொன்று எலிகளுடையது. முதல்வர் அறைக்குக் கூப்பிட்டால்தான் போகலாம். கூப்பிட்டு அனுப்பினால் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போகவேண்டும். எலிகள் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்பதும் இல்லை. ஆகையால் பங்குனி முடிந்து சித்திரை பிறந்துவிட்டால், பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரிக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்குகிற இடம் எலி அறைதான்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூண்டில் மரத்தூள் மாற்றுவேன், தண்ணீர்ப் புட்டி கழுவுவேன், தீவனம் போடுவேன், குட்டி போட்டிருந்தால் சத்தமில்லாமல் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். அடுப்படியில் ஓடுகிற எலி இல்லை இவை. வெள்ளைச் சுண்டெலி, கண் மாதுளை முத்து மாதிரி இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர், "ஊரெல்லாம் எலிக்குப் பொறி வைக்கான், நீ எலிக்குச் சோறு வைக்கப் போறியாக்கும்" என்றார். இன்றைக்கும் யாராவது உறவுக்காரர் வந்தால் அதையே சொல்லிச் சிரிப்பார்.

பத்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. மீதியை, ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் பேசுவதைக் கேட்டும், அவர்கள் முடித்துப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை எழுத்துக்கூட்டி வாசித்தும் ஒருவாறு தேற்றிக்கொண்டேன். அதைவிட எனக்குப் பிடித்த படிப்பு மனுசர் பேச்சு. ஒருவர் வாயிலிருந்து நல்ல சொலவடை ஒன்று விழுந்துவிட்டால் போதும், அன்றைக்கு மத்தியானச் சோறு தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமலே இறங்கிவிடும். எலியைப் பற்றி நம் ஆட்கள் கொஞ்சமாகவா சொல்லி வைத்திருக்கிறார்கள்? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்பார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவன் கதை தெரியாதவர் கிடையாது. ஆனால் எலிக்குக் குளிருமா, குளிராதா என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அது தெரியவந்தது ஒரு கத்திரி வெயில் காலத்தில், எங்கள் அறையில்.

காயல்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி முனைவர் பட்டத்துக்காக எங்கள் துறையில் சேர்ந்திருந்தாள். காலையில் திருச்செந்தூர் பக்கமிருந்து வருகிற ரயிலில் ஏறி, பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, முக்காட்டுக்குள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்து வருவாள். அவளுடைய வாப்பா வளைகுடா நாட்டில் ஏசி இல்லாத சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவார். உடம்பு எப்படி, உம்மா எப்படி என்று கேட்டு முடித்ததும் அவர் கேட்கிற அடுத்த கேள்வி, "எலி என்ன சொல்லுது?" ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள் என்பதால் எனக்கும் அந்தக் கேள்வி பழகிப்போயிற்று. சில வெள்ளிக்கிழமை அவளுக்கு முன்னால் நானே "நல்லாருக்குன்னு சொல்லுது" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய ஆராய்ச்சி பதற்றத்தைப் பற்றியது. சில எலிகளைத் தினமும் கொஞ்ச நேரம், காற்றுத் துளை போட்ட ஒடுக்கமான குழாய்க்குள் விடுவாள். வலி கிடையாது, திரும்ப முடியாது, அசைய முடியாது, அவ்வளவுதான். நம் ஊர் டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் நிற்கிற மாதிரி. வேறு சில எலிகளை ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டுவிடுவாள். பிறகு எல்லா எலிகளையும் ஒவ்வொன்றாக ஒரு பெரிய சதுரப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு, மேலே காமெராவை மாட்டிப் பார்ப்பாள். மனசு தெளிவாக இருக்கிற எலி பெட்டியின் நடுவே போய் மோந்து பார்க்கும். பதறிய எலி சுவரோடு சுவராக ஒண்டிக்கொள்ளும். இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாண மண்டபத்தில் நடு வரிசையில் போய் உட்காருகிறவர் யார், தூணோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர் யார் என்று பார்த்தால், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதா?

ஆக, குழாய்க்குள் போன எலி ஓரத்தில் ஒண்ட வேண்டும், சும்மா இருந்த எலி நடுவில் உலாவ வேண்டும். அந்த வித்தியாசம்தான் அவளுடைய ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம்.

வித்தியாசம் வரவில்லை. சும்மா இருந்த எலியும் ஒண்டியது.

மாசி மாதம்வரைக்கும் ஓரளவு சரியாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற எல்லாம் ஒன்றாகிப் போயிற்று. ஒரு நாள் காமெராவில் பதிந்ததைப் பார்த்துவிட்டு அவள் கணினியை மூடினாள்.

"எக்கா, என் ஆராய்ச்சியப் பாக்க ஆனி மாசம் கமிட்டி வருது. இப்பிடியே கொண்டுபோய்க் காட்டுனா, ஒனக்கு ஒண்ணும் தெரியல, தலைப்ப மாத்துன்னு சொல்லிருவாங்க."

"மாத்துனா மாத்திக்கிட வேண்டியதுதானட்டி. வேற எலி வாங்குனாப் போச்சு."

"வாங்க முடியாதுக்கா. இத்தன உசுரத்தான் தருவோம், அதுக்குள்ள முடிச்சுக்கிடணும்னு சொல்லித்தான் அனுமதியே குடுத்திருக்காங்க. பாதி எலியப் பாத்து முடிச்சாச்சு. மிச்சப் பாதி இருக்கு. அதும் இப்பிடிப் போச்சுன்னா, ரெண்டு வருசம் போனது கூடப் பரவால்ல, அதுகள அந்தக் குழாய்க்குள்ள போட்டு அடைச்சதுக்கு ஒரு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

கடைசியில் சொன்னதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து எலியை வெளியே எடுக்கும்போது அவள் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கிறாளோ, துஆ ஓதுகிறாளோ, நான் கேட்டதில்லை.

விஷயம் அறைக்குள் இருந்ததால், அறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அது சொந்த விஷயம் ஆகிவிட்டது. யார் யார் வருவார்கள் என்று சொல்லிவிடுகிறேன். முதலாவது சூப்பிரண்டு அண்ணாச்சி. கல்லூரி அலுவலகத்தில் பெரியவர். பரம்பரையாக மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் குடும்பம். ஜெபம் பண்ணுவது மாதிரியே பேசுவார், நிறுத்தவும் மாட்டார். மத்தியானம் சாப்பிட்டானதும் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்து, கூண்டுகளுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுவிடுவார். அடுத்தது நூலகத்து அக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை பிச்சிப்பூ வாடாமல் இருக்கவேண்டும் என்று இலைப் பொட்டலத்தோடு வந்து ஏசிக்கு நேர் கீழே வைப்பார்; பூவைத் தனியாக விட மனசு வராமல் தானும் உட்கார்ந்துகொள்வார். இவர்களுக்குப் பின்னால் வேறு சிலர், விடுமுறைக் காலமானாலும் வேலைக்கு வந்தே ஆகவேண்டியவர்கள்.

வெளியாட்கள் கூடாது என்று கதவில் எழுதித்தான் ஒட்டியிருந்தது. ஆனால் வெயிலில் வந்து நிற்கிற மனுசரைப் பார்த்துப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு நாக்கு வளையாது. துறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

வருகிறவர்கள் சும்மா வரவும் மாட்டார்கள். ஆளுக்கொரு நல்ல காரியம் செய்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அது என்னவென்றால், ரிமோட்டை எடுத்து ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டுவது.

"ஏ தாயி, இருபத்தி ரெண்டுல வச்சிருக்கியே. வாயில்லாச் சீவன் தாங்குமா?" என்பார் அண்ணாச்சி.

"அப்பிடித்தான் வைக்கச் சொல்லிருக்கு அண்ணாச்சி."

"சொன்னவன் நம்ம ஜங்ஷன் பாலத்துல மத்தியானம் நடந்து பாத்திருப்பானா? குளிர் பிரதேசத்துல உக்காந்து எழுதுன ஆளா இருப்பான். இன்னும் ரெண்டு குறை தாயி. எலி மனசு குளிரட்டும்."

நூலகத்து அக்கா வந்தால் இன்னும் ஒன்று குறையும். அந்த அக்காவுக்குப் பூவும் எலியும் ஒன்று. இரண்டும் வாடிவிடக் கூடாது. இப்படியே சாயங்காலத்துக்குள் பதினெட்டில் வந்து நிற்கும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் ஊரில் ஒருவரை வாழ்த்துவதே வயிறு குளிர, கண் குளிர என்றுதானே? கோபம் வந்தால் சூடு, அன்பு வந்தால் குளிர்ச்சி. ஆற்றுத்தண்ணீரை ஒரு கை அள்ளித் தலையில் விட்டால் போதும், பாவமே போய்விட்டதாக நினைக்கிற ஆட்கள் நாங்கள். பிரியப்பட்ட உயிருக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

எலிகளும் சந்தோஷமாக இருப்பது போலத்தான் தெரிந்தது. ஒவ்வொரு கூண்டிலும் எல்லா எலியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, மரத்தூளுக்குள் ஒரே உருண்டையாகக் கிடக்கும். அண்ணாச்சிக்கு அது பிரசங்கத்துக்கு வாகாக அமைந்துவிட்டது. அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்களுக்கு மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. இருவரையும் ஒரு நாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கூண்டைக் காட்டினார்.

"பாருங்கலே. ஆறறிவு இல்லாத சீவன். என்ன ஒத்துமை பாத்தியளா? ஒண்ணு மேல ஒண்ணு எப்பிடி அணைச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு காத்தாடிக்கு அடிச்சிக்கிடுதிய."

குமாஸ்தாக்களில் ஒருவர், "அதுகளுக்கு ஏசி இருக்குல்லா அண்ணாச்சி" என்றார். மற்றவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அவர்கள் சமாதானம் ஆனது உண்மை. அண்ணாச்சி அதை எலிகளின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

எலி ஏன் ஒண்டுகிறது என்பதற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "பிறவிக் குணத்தை மட்டை வச்சுக் கட்டுனாலும் தீராது. எலின்னா பயப்படத்தான் செய்யும்" என்று அண்ணாச்சி முடித்துவிட்டார். நான் பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்து மேளத்தைச் சந்தேகப்பட்டேன். மேளம் இல்லாத நாளிலும் ஒண்டியதால் என் கட்சி தோற்றது. நூலகத்து அக்கா கண்ணேறு என்றார். மறுநாளே எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்துக் கொண்டுவந்து கதவில் கட்டிவிட்டார். காயல்பட்டினத்துப் பிள்ளை வந்து அதை அண்ணாந்து பார்த்தாள்.

"எக்கா, எலுமிச்ச வாசம் எலிக்கு எப்பிடி இருக்கும்னு தனியா ஒரு ஆராய்ச்சி பண்ண வேண்டியது வரும்" என்று சொல்லி மெல்ல அதை அவிழ்த்தாள். பழத்தை வீணாக்கவில்லை. எல்லோருக்கும் சர்பத் போட்டுக் கொடுத்தாள். நூலகத்து அக்கா இரண்டு தம்ளர் குடித்தார்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை அம்மா மட்டும்தான் காரணம் சொல்லாதவர். "கூண்டு பக்கத்துல உக்காந்து பாரு. பெட்டிக்குள்ள மட்டும் பாக்காத" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போனார். பிள்ளையும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கும் அண்ணாச்சி சொன்ன ஒற்றுமைதான் தெரிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மின்வாரியத்துப் பராமரிப்பு நாள் வந்தது. காலையில் போன மின்சாரம் சாயங்காலம்தான் வரும். எங்கள் ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும்தான் தாங்கும். எலி அறை ஏசி நின்றது. ஏசி நின்றதும் சனமும் நின்றது. அண்ணாச்சி கதவைத் திறந்து மூக்கை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்டவர் உன்கூட இருப்பார் தாயி" என்று சொல்லி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். நேர்க் காற்று எலிக்கு ஆகாது என்று பெரிய விசிறியைக் கூண்டுப் பக்கம் திருப்பாமல் சுவரைப் பார்க்க வைத்தேன். வெப்பமானி ஏறிக்கொண்டே போயிற்று. மிச்சமிருக்கிற பாதி எலியும் அன்றைக்கே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டேன். ரயிலை விட்டு இறங்கி ஓடித்தான் வந்திருக்கிறாள். செருப்பு வாசலில் ஒன்று, நடையில் ஒன்று கிடந்தது.

உள்ளே வந்தவள் முதலில் வெப்பமானியைப் பார்த்தாள். முப்பதை ஒட்டி நின்றது. பிறகு கூண்டுகளைப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி வேணுமா, ஐஸ் கொண்டுவரச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"இரிங்கக்கா."

"செத்துப் போயிரும்ட்டி."

"இரிங்க. பைய இங்கன வந்து உக்காருங்க. என்ன செய்யுதுன்னு பாருங்க."

பார்த்தேன். உருண்டை இல்லை. எல்லா எலியும் பிரிந்து கிடந்தன. ஒன்று காலை நீட்டி, சாப்பிட்ட மனுசர் பாயில் படுக்கிற மாதிரி படுத்திருந்தது. ஒன்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. இரண்டு, கூண்டின் நடுவில் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. மூச்சு வாங்கவில்லை, வாய் பிளக்கவில்லை. அந்த அறையில் வாடிப்போயிருந்த சீவன் நான் ஒருத்திதான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எக்கா, அது ஒத்துமை இல்ல. குளிரு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவளே விளக்கினாள். சுண்டெலிக்கு இதமான சூடு நமக்கு இதமானது இல்லை. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து சூடு சீக்கிரம் ஓடிவிடும்; ஏறக்குறைய முப்பது இருந்தால்தான் அதற்குச் சிரமம் இல்லை. இருபத்திரண்டே அதற்குக் கொஞ்சம் குளிர்தான். பதினெட்டு என்றால், இருக்கிற தெம்பையெல்லாம் உடம்பைச் சூடாக்குவதிலேயே செலவழித்துவிடும். அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்று படுத்தது. "வாசிச்சிருக்கேன்க்கா. வாசிச்சது மண்டையில இருந்துச்சு, கண்ணுக்கு வரல. இந்த வெயில்ல, பாளையங்கோட்டையில, ஒரு சீவனுக்குக் குளிரும்னு எப்பிடித் தோணும்?" என்றாள். குழாய்க்குள் போகாத எலியும் ஏற்கெனவே குளிரில் பதறித்தான் இருந்திருக்கிறது. பிறகு எங்கிருந்து வித்தியாசம் வரும்?

நான் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். ஆனால் அவள் முகம் முழுசாகத் தெளியவில்லை.

"இன்னைக்கு இன்னொண்ணும் இல்லையேக்கா."

"என்னது இல்ல?"

"ஆளு இல்ல. அண்ணாச்சி இல்ல, பூ இல்ல, பேச்சு இல்ல. மனுச வாடையும் எலியப் பதற வைக்கும். எது காரணம்? குளிரா, ஆளா? ரெண்டையும் ஒண்ணா நிறுத்திட்டு, குளிருதான்னு சொன்னா, ஆளுகதான் காரணம்னு ஏன் சொல்லப்படாதுன்னு கமிட்டி கேக்கும்."

பேராசிரியை அம்மாவுக்குப் போன் பண்ணினாள். விதியில் சொல்லியிருக்கிற மேல் எல்லை தாண்டாமல் ஏசியை இருபத்தெட்டில் வைக்க அம்மா சம்மதித்தார். மிச்சமிருந்த எலிகளை இரண்டு பங்காகப் பிரிக்கச் சொன்னார். ஒரு பங்கு பக்கத்து அறையில், வாடகைக்கு ஒரு ஏசி எடுத்து அதே சூட்டில், என்னையும் அவளையும் தவிர ஆள் நடமாட்டம் இல்லாமல். இன்னொரு பங்கு இதே அறையில், அதே சூட்டில், வழக்கம்போல வந்துபோகிற ஆளோடு. இரண்டு பங்கிலும் சில எலிகள் குழாய்க்குப் போகும், சில போகாது.

எல்லாம் சரி. இருபத்தெட்டில் வைத்த அறைக்கு எவர் வந்து உட்காருவார்?

மறுநாள் ஒவ்வொருவரிடமும் நானே போய்க் கேட்டேன். நூலகத்து அக்கா, "பூ கருகிரும் தாயி" என்று கண்கலங்காத குறையாகச் சொன்னார். குமாஸ்தாக்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தங்கள் மின்விசிறியே போதும் என்றார்கள். கடைசியாக அண்ணாச்சி மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னைய வரப்படாதுன்னு சொல்ல வந்தியாக்கும்" என்றார். விஷயம் அதற்குள் பாதியாக அவர் காதுக்குப் போயிருந்தது. முகம் சுருங்கியிருந்தது.

"இல்ல அண்ணாச்சி. வரணும்னு சொல்லத்தான் வந்தேன்."

"வரணுமா?"

"ஆமா. எப்பவும் வார அதே நேரத்துக்கு. அதே நாற்காலில. ஆனா ஏசி குளிராது."

"குளிராட்டா நான் எதுக்கு தாயி வரணும்?"

"ஒங்க வாடைக்குப் பயப்படுதா இல்லையான்னு பாக்கணுமாம்."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இத்தனை வருடத்து உத்தியோகத்தில் அவருடைய கையெழுத்து, முத்திரை, சாவி எல்லாம் கேட்டு வந்திருக்கிறார்கள். வாடையைக் கேட்டு யாரும் வந்ததில்லை. "அந்தப் பிள்ளை கேக்கச் சொன்னாளா?" என்றார்.

"அவதான் சொன்னா. இன்னொண்ணும் சொன்னா. பேசப்படாதாம்."

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். திருநெல்வேலிச் சீமையில் ஒரு ஆளை வெயிலில் நிற்கச் சொல்லலாம், நின்றுவிடுவார். பேசாமல் இருக்கச் சொல்வது வேறு. அண்ணாச்சி மேசையில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளைப் பார்த்தார்.

"பேப்பர் வாசிக்கலாமா?"

"வாய்விட்டு வாசிக்கப்படாது."

"சரி போ. அந்தப் பிள்ளைக்காக."

வந்தார். பனையோலை விசிறி ஒன்றைக் கையோடு கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, செய்தித்தாளைப் பிரித்து, உதட்டை மட்டும் அசைத்து வாசித்தார். நடுநடுவே ஏதோ செய்தி அவரை உலுக்கும். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவார். பேச வாயெடுத்து, விசிறியால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்வார். முதல் சில நாட்கள் அவர் நாற்காலியை இழுத்ததும் எலிகள் மரத்தூளுக்குள் புகுந்துகொண்டன. அதைக் கண்டு அவருக்கு மனசு சங்கடமாகிவிட்டது. அறையை விட்டு வெளியே வந்த பிறகு, "இத்தன நாள் பழகியும் என்னைய அடையாளம் தெரியல பாத்தியா" என்று என்னிடம் குறைப்பட்டார். பிறகு அவை பழகின. அவர் பக்கம் புரட்டினால்கூட முகம் கழுவுவதை நிறுத்தவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று ஒன்று அவரை மோந்து பார்த்தது. அண்ணாச்சி விசிறுவதை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கவில்லை.

பெட்டியில் விட்டுப் பார்க்கிற நாள் வந்தது. அண்ணாச்சி இருந்த அறையின் எலிகள் முதலில். குழாய்க்குள் போகாத எலி ஒன்றை அவள் பெட்டியில் இறக்கிவிட்டு நகர்ந்தாள். அண்ணாச்சியோடு நாங்கள் தடுப்புக்குப் பின்னால் நின்று கணினித் திரையைப் பார்த்தோம். எலி சுவரோரமாகப் போயிற்று. ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்தியது. எலி நின்றது. மூக்கைத் தூக்கியது. சுவரை விட்டு இரண்டு எட்டு வைத்தது, திரும்ப ஓடியது. பிறகு, கல்யாண வீட்டில் நடு வரிசையில் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுவிட்ட மாதிரி, நேரே நடுவில் போய் உட்கார்ந்தது. அங்கேயே உட்கார்ந்து முகத்தையும் கழுவியது.

அண்ணாச்சி வாயிலிருந்து "ஸ்தோத்திரம்" என்று மெதுவாக ஒரு சொல் வந்துவிட்டது. உடனே விசிறியால் போட்டுக்கொண்டார்.

எல்லா எலியும் அப்படிச் செய்யவில்லை. உயிர் இருக்கிற எதுவும் எல்லாம் ஒன்று போல் செய்யாது. ஆனால் பாதைகளைத் திரையில் கோடாக வரைந்து அவள் காட்டியபோது எனக்கே தெரிந்தது. குழாய்க்குப் போனவை ஓரத்தில், போகாதவை நடுவில். பக்கத்து அறையிலும் ஏறக்குறைய அதே கதை. பழகின ஆள் ஒருவர் பேசாமல் இருந்தால் எலிக்குப் பெரிய தொந்தரவு இல்லை. குளிர்தான் எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருந்தது.

கமிட்டி வந்த அன்றைக்குச் சாரல் இன்னும் இறங்கவில்லை, வெக்கை தணியவில்லை. வெளியூரிலிருந்து வந்த பெரியவர் டை கட்டி வந்திருந்தார். எலி அறையைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் டையைத் தளர்த்தினார். என்னைப் பார்த்து, "ஏசி வேலை செய்யலியாம்மா? கொஞ்சம் கூட்டுங்க" என்றார்.

நான் காயல்பட்டினத்துப் பிள்ளையைப் பார்த்தேன். அவளுக்குப் பட்டம் கொடுக்கப் போகிறவர். கேட்டது ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்குவதுதான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓடுது சார். இது எலிகளுக்கு வச்சது" என்றாள். சொல்லிவிட்டு, நாற்காலியில் அண்ணாச்சி வைத்திருந்த பனையோலை விசிறியை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். விசிறிக்கொண்டே கேள்வி கேட்டார். அவள் எதையும் மறைக்கவில்லை. பதினெட்டில் பார்த்த எலிகளின் கோடுகளையும் இருபத்தெட்டில் பார்த்த எலிகளின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ரிமோட்டில் குளிரைக் கூட்டியவர்கள் பேரைச் சொல்லவில்லை. "எலி மேல பிரியம் உள்ளவங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப முதல்ல பாத்த எலி எல்லாம் வீண்தானம்மா?" என்றார் அவர்.

"வீணில்ல சார். குளிருக்குள்ள பதற்றத்தைப் பாத்தா என்ன ஆகும்னு அதுகதான் காட்டிக் குடுத்திருக்கு. அதையும் எழுதணும்னு நினைக்கேன்."

பெரியவர் பேராசிரியை அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைப்பை மாற்றச் சொன்னார்கள்தான். தலைப்பில் வெப்பநிலை என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மேற்கொண்டு செய் என்று கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது அந்தப் பெரியவர் விசிறியையும் கொண்டு போய்விட்டார், மறதியாகவோ என்னவோ. அண்ணாச்சிக்கு அதில் பெருமை. ஊர் போய்ச் சேர்ந்த விசிறி என்று ஒரு வாரம் சொன்னார்.

அதற்குப் பிறகு எலி அறையில் கூட்டம் கிடையாது. நூலகத்து அக்கா பூவை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குப் பக்கத்தில் வைக்கப் பழகிவிட்டார். அண்ணாச்சி மட்டும் இப்போதும் எப்போதாவது வருகிறார். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "போர்த்திக்கிட்டுப் படுங்கலே" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கமிட்டி முடிந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வாப்பாவின் போன் வந்தது. அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். உடம்பு, உம்மா, எல்லாம் விசாரித்து முடிந்தது.

"எலி என்ன சொல்லுது?"

"வெக்கைதான் நல்லதுன்னு சொல்லுது வாப்பா. ஏசியக் கொறைக்கச் சொல்லுது."

அந்தப் பக்கம் கிடங்கில் ஏதோ வண்டி ஊளையிட்டுக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு வாப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

"அத இங்கன ஒரு நாளைக்கு அனுப்பி வை" என்றார். "வந்து சொல்லட்டும்."